தட்டாத கதவு

பால் குறையவில்லை. ஃபிரிட்ஜைத் திறந்து குனிந்து பார்க்கிறேன், மூடுகிறேன், மறுபடியும் திறக்கிறேன், அதற்குள் எப்படிக் குறையும். பச்சை மூடி போட்ட பால் குப்பி, மூடியின்மேல் பேனாவால் மாரெட் என்று எழுதி வைத்திருக்கிறாள், முந்தாநாள் பாதிக்குக் கொஞ்சம் மேலே நின்றது, இன்றைக்கும் அங்கேயேதான் நிற்கிறது. டீ இல்லாமல் ஒரு மணி நேரம் தாங்காத பெண். இந்த மாடியில் இப்போது நாங்கள் இரண்டு பேர்தான். மற்ற மூன்று பேரும் கிறிஸ்துமஸ் விடுமுறைக்குப் பெட்டியை இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். கடலைப் பார்த்து நிற்கிற பழைய கட்டடம், மாணவர் விடுதி, ஐந்து அறை, ஒரு சமையலறை, நடுவில் நீளமாக ஒரு நடை. நடையின் இந்தக் கோடியில் சமையலறை, அதில் நான். அந்தக் கோடியில் கடைசிக் கதவு அவளுடையது. முந்தாநாள் மதியத்திலிருந்து அந்தக் கதவு திறந்து நான் பார்க்கவில்லை. அறைக்குள்ளேயே குளியலறை உண்டு. சேர்ந்த அன்று அதைப் பெரிய வசதியாகச் சொன்னார்கள், வசதிதான், மனுசர் முகத்தில் முழிக்காமல் ஒரு வாரம் உள்ளேயே கிடக்கலாம். தூங்குகிறாள். விடுமுறை, வெளியே புயல், தூங்காமல் என்ன செய்வாள். முந்தாநாளிலிருந்தா தூங்குவாள். இந்தக் கேள்வி வரக்கூடாது என்றுதான் அரிசி களைய ஆரம்பித்தேன். களைந்த அரிசியையே திரும்பத் திரும்பக் களைந்து தண்ணீர் கண்ணாடியாகிவிட்டது, கை மரத்துவிட்டது, கேள்வி அப்படியே இருக்கிறது.

ஊருக்குப் போயிருக்கலாமே. போயிருக்கலாம், ஆனால் பூட்ஸ் இருக்கிறது. நடையின் தொடக்கத்தில், சுவரோரமாக, மணல் ஒட்டிக் காய்ந்த பூட்ஸ், அதற்குமேல் கொக்கியில் அவளுடைய மஞ்சள் மழைக்கோட்டு. அவளிடம் வேறு பூட்ஸ் கிடையாது. இந்த அபரிஸ்த்வித் ஊரில், அதுவும் டிசம்பரில், கோட்டும் பூட்ஸும் இல்லாமல் ஒருத்தி பஸ் நிறுத்தம் வரைக்கும்கூடப் போக முடியாது. அவள் ஊர் மலைக்குள்ளே, ஆட்டுப் பண்ணை. பண்ணை என்று சொல்லலாமா இனி. அக்டோபரில் அவள் அப்பா ஆடுகளை எல்லாம் விற்றுவிட்டார், நிலத்தையும் யாரோ வாங்குகிறார்கள், மரம் நடப்போகிறார்களாம். விடுமுறைக்குப் போகலையா என்று கேட்டபோது, "ஆடு இல்லாத கொட்டகையைப் போய்ப் பாக்கச் சொல்றியா, ஐசக்?" என்றாள். சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். என் பெயர் இசக்கிமுத்து. முதல் நாள் அதை வாயில் போட்டுப் பார்த்துவிட்டு, "ஐசக்! எங்க தாத்தா பேரு" என்று முடித்துவிட்டாள், அன்றிலிருந்து இந்த ஊருக்கே நான் ஐசக். அவள் பேசுவது ஆங்கிலம், என் மண்டைக்குள் இறங்கும்போது அது எங்கள் பேச்சாகிவிடும். அம்மாவோடு போனில் சண்டை போடும்போது மட்டும் வெல்ஷ், இந்த மலைநாட்டுக்காரர்களின் தாய்மொழி. நடையைக் கடந்து அந்தச் சண்டை கேட்கும், ஒரு வார்த்தை புரியாது, ஆனால் எந்த இடத்தில் அம்மா அழுகிறாள், எந்த இடத்தில் இவள் பல்லைக் கடிக்கிறாள் என்று துல்லியமாகத் தெரியும். இந்த வாரம் சண்டை இல்லை. சண்டை இல்லை என்பதை நான் நிம்மதியாகத்தானே எடுத்துக்கொண்டேன். அதேபோல இந்தத் தொட்டியும். மூன்று மாசமாக அவளுடைய தட்டும் சட்டியும் இந்தத் தொட்டியில் குவிந்து கிடக்கும், மேலே பூஞ்சை பிடிக்கும், நான் முணுமுணுத்துக்கொண்டே ஓரமாகத் தள்ளிவிட்டு என் பாத்திரத்தைக் கழுவுவேன். முந்தாநாள் வந்து பார்த்தால் எல்லாம் கழுவி, துடைத்து, அலமாரியில் அடுக்கி, தொட்டிகூடத் தேய்த்து வெள்ளையாக இருந்தது. அப்பாடா, புத்தி வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். இப்போது அந்தத் தொட்டிக்கு முதுகைக் காட்டி நிற்கிறேன்.

போய்த் தட்டு. இரண்டு எட்டு வைத்தால் நடை, பத்து எட்டில் அவள் கதவு. விரலை மடக்கித் தட்டினால் முடிந்தது. இதில் என்ன இருக்கிறது. என்ன இருக்கிறது என்றால், இந்த ஊரில் யாரும் யார் கதவையும் தட்டுவதில்லை என்பது இருக்கிறது. அது எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்பதும் இருக்கிறது. பாளையங்கோட்டையில் எங்கள் காம்பவுண்டில் எட்டு வீடு, எட்டு வீட்டுக்கும் எட்டு வீட்டுச் சங்கதியும் தெரியும். என்ன குழம்பு, எவ்வளவு சம்பளம், பையனுக்கு எத்தனை அரியர், எல்லாம் கேட்பார்கள், பதில் சொல்லாவிட்டால் ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பார்கள். அந்த எரிச்சலில்தான் உலக வரைபடத்தில் ஒரு மூலையைத் தேடிப் பிடித்து, பனியாறுகளைப் பற்றிப் படிக்கிறேன் என்று வந்து சேர்ந்தேன். எம் புள்ள ஐஸைப் பத்திப் படிக்கான் என்று அம்மா காம்பவுண்டு முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். வந்த முதல் மாசம் சொர்க்கம். யாரும் எதுவும் கேட்கவில்லை. நடையில் எதிரே வந்தால் "ஆல்ரைட்?" என்பார்கள், பதிலுக்கு நானும் "ஆல்ரைட்?" என்பேன், இரண்டு பேரும் பதில் சொல்லாமலே நடந்து போய்விடுவோம். எங்கள் ஊர்ச் சாப்டாச்சாவும் அப்படித்தானே என்று முதலில் நினைத்தேன். இல்லை. சாப்டாச்சா என்று கேட்டு இல்லை என்று சொன்னால் எங்கள் ஊரில் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்த் தட்டை வைத்துவிடுவார்கள். இங்கே இல்லை என்று சொன்னால் என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியாது. யாரும் சொல்லிப் பார்த்ததில்லை. முந்தாநாள் அவளும் கேட்டாள், நானும் கேட்டேன், அவள் கையில் கண்ணாடி டம்ளரில் தண்ணீர், தலை வாரவில்லை, கடந்து போனாள். அவ்வளவுதான் நான் கடைசியாகப் பார்த்தது. கடைசியாக என்று ஏன் சொல்கிறேன். அடுப்பை ஏற்று, முதலில் அடுப்பை ஏற்று, உலை வைக்காமல் அரிசியோடு நின்றால் எப்படிச் சோறாகும்.

அலை கடற்சுவரில் மோதுகிறது. மோதுகிறது என்று சொன்னால் போதாது, கட்டடமே ஒரு தடவை தூக்கிப் போடுகிறது, அப்புறம் சரசரவென்று சத்தம், கடல் அள்ளிய கூழாங்கற்கள் சாலையில் சிதறுகிற சத்தம். மணி நாலு ஆகவில்லை, ஜன்னல் கருத்துக்கொண்டு வருகிறது. இந்தக் கடற்கரை நடைபாதை வடக்கே போய்க் குன்றின் அடியில் முடிகிறது, முடிகிற இடத்தில் ஒரு இரும்புக் கம்பி வேலி. இந்த ஊரில் படிக்கிறவர்கள் நடந்து அங்கே போனால் அந்தக் கம்பியைக் காலால் உதைத்துவிட்டுத்தான் திரும்புவார்கள். ஏன் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது, உதைக்காமல் திரும்பினால் என்னவோ குறை. செப்டம்பரில் எங்கள் நாலு பேரையும் மாரெட்தான் கூட்டிப்போனாள். அவளோடு சேர்த்து, என்னைத் தவிர எல்லாரும் உதைத்தார்கள். என் முறை வந்தபோது கால் எழும்பவில்லை. இத்தனை பேர் இத்தனை வருசமாக நம்பிக்கையோடு தேடி வருகிற ஒன்றைக் காலால் எப்படித் தொடுவது, புத்தகத்தில் கால் பட்டால்கூடக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற ஆள் நான். யோசிக்கவே இல்லை, கை தானாகப் போய்க் கம்பியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டது. மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அப்புறம் அவர்கள் முன்னால் நடந்த பிறகு திரும்பி வந்து, நான் செய்தது மாதிரியே கம்பியைத் தொட்டுத் தன் கண்ணில் வைத்துக்கொண்டாள். வலது கண், இடது கண், சரியாக. "இது நல்லா இருக்கு, வலிக்கல," என்றாள். சிநேகிதம் என்றால் அவ்வளவுதான், அதற்கு மேல் ஒன்றும் கிடையாது, நான் அவள் அறைக்குள் கால் வைத்ததில்லை, அவளும் என் அறைக்குள் வந்ததில்லை. ஆனால் இந்த ஊரில் எனக்கு என்று ஒரு ஆள் உண்டா என்று யாராவது கேட்டால் நான் அவள் பெயரைத்தான் சொல்லியிருப்பேன்.

அருளப்பன் பேச்சைக் கேட்டது தப்பு. என்னோடு கல்லூரியில் படித்தவன், இப்போது இதே நாட்டில் கார்டிஃப் நகரத்தில் இருக்கிறான், விவரமானவன் என்று எனக்கு ஒரு எண்ணம். மதியம் அவனைக் கூப்பிட்டுச் சொன்னேன். "ஏல, கூறு இருக்கால ஒனக்கு? மாடியில நீயும் அவளும் மட்டும்தான இருக்கிய? நீ போய்த் தட்டி, அந்தப் புள்ள பயந்துபோய்க் கத்திச்சுன்னு வையி, ஒனக்கு யாருல சாட்சி சொல்லுவா? விசா போயிரும், பாத்துக்க," என்றான். "உள்ள அவளுக்கு ஒண்ணு ஆயிருந்தா?" என்றேன். "ஆயிருந்தாலும் ஒன்னத்தாம்ல கேப்பான். பேசாம செக்யூரிட்டிக்குப் போனப் போடு," என்று வைத்துவிட்டான். போட்டேன். எண் ஃபிரிட்ஜ் கதவிலேயே ஒட்டியிருக்கிறது. ஒரு பெரியவர் எடுத்தார், நல்ல மனுசன், குரலில் அவசரமே இல்லை. என் மாடியில் ஒரு பெண்ணை முந்தாநாளிலிருந்து காணவில்லை, அறைக்குள்தான் இருக்கிறாள் என்று நினைக்கிறேன் என்றேன். அவர் முதலில் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "கதவத் தட்டிப் பாத்தியாப்பா?" இல்லை என்றால் அடுத்து ஏன் என்பார், ஏன் என்பதற்கு என்னிடம் என்ன பதில் இருக்கிறது, பயமாக இருக்கிறது ஐயா, என் தோலையும் என் மீசையையும் நினைத்தால் பயமாக இருக்கிறது என்று சொல்லவா. தட்டிப் பார்த்துவிட்டுக் கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டேன். அப்படி வைத்து ரெண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று, சாப்பாட்டு நேரமே தாண்டிவிட்டது.

நேற்றிலிருந்து அந்தக் கதவு வரைக்கும் எத்தனை தடவை போய்வந்தேன் என்று கணக்கில்லை. போவேன், நிற்பேன், காதை வைக்க மாட்டேன், பக்கத்தில் வைப்பேன். கடல் கேட்கும். என் மூச்சுச் சத்தம்தான் கேட்கிறதோ என்று மூச்சை அடக்கினால் கடல் இன்னும் பெரிசாகக் கேட்கும். கதவுக்கு அடியில் வெளிச்சம் இல்லை. நேற்றுச் சாயங்காலம் அப்படி நின்றபோது உள்ளே அவள் போன் அடித்தது. அடித்தது, அடித்தது, நின்றது. திரும்ப அடித்தது. அது அம்மாவாகத்தான் இருக்கும், எங்கேயோ மலைக்குள், காலிக் கொட்டகைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, எடுடி எடுடி என்று. இங்கே நான் தட்டக் கையை ஓங்கினேன். மடக்கிய விரல் கதவுக்கு ஒரு சாண் தூரத்தில் அப்படியே நின்றது. நானும் ஒரு நாள் அப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்திருக்கிறேன். இரண்டாம் வருசம், நாலு பேப்பர் போனபோது. மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது, அதை நான் என்ன நினைப்போடு பார்த்துக்கொண்டிருந்தேன் என்று இன்று வரைக்கும் யாருக்கும் தெரியாது. அன்றைக்கு அந்த எட்டு வீட்டு ஜனமும் வரிசையாக வந்து கதவை இடித்தது. "எந்திரில, நாலு பேப்பர் தான, நாசமாப் போவட்டும், எந்திரிச்சு வந்து காப்பியக் குடி," என்று மூணாம் வீட்டு ராஜம்மாள் சித்தி கதவைக் காலால்கூட உதைத்தாள். எரிந்து விழுந்துகொண்டேதான் எழுந்துபோய்த் திறந்தேன். திறந்தேனா இல்லையா. அதை இப்போது ஏன் நினைக்கிறேன், நினைத்தால் தட்ட வேண்டிவரும், தட்டினால் கதவு திறக்க வேண்டும், திறக்காவிட்டால். தட்டாத வரைக்கும் அவள் தூங்குகிறாள். சத்தியமாகச் சொன்னால் நான் பயப்படுவது விசாவுக்கு இல்லை. தட்டி, பதில் வராமல் போகுமே, அந்த ஒரு நிமிசத்துக்கு.

உலை கொதிக்கிறது. அம்மா அனுப்பிய மிளகாய் வற்றல் பொட்டலத்தைப் பிரிக்கிறேன், ரசத்துக்கு நாலு எடுக்க வேண்டும், நாலு எடுத்தவன் கையிலேயே வைத்துக்கொண்டு நிற்கிறேன். மிளகாய். ஏன் இது இவ்வளவு நேரம் தோன்றவில்லை. இந்தச் சமையலறைக்குள் இருக்கிற தீ அலாரம் சூட்டுக்குத்தான் கத்தும், நடையில் கூரையில் இருப்பது புகைக்குக் கத்தும், அதனால்தான் சமையலறைக் கதவைத் திறந்து போட்டுத் தாளிக்காதே என்று வந்த முதல் வாரமே பாடம் படித்தேன். தெரியாமல் தாளித்தேன், அலாரம் ஊரைக் கூட்டியது, கட்டடத்தில் இருந்த அத்தனை பேரும் போர்வையோடு சாலையில் நின்றார்கள், இருமினார்கள், என்னைப் பார்த்தார்கள். அலாரம் அடித்தால் அறையில் யாரும் இருக்கக் கூடாது, எழுந்து வந்தே ஆகவேண்டும். யாரும் யாரையும் தட்ட வேண்டியதில்லை. அவள் கதவைத் திறந்துகொண்டு தலையைப் பிடித்துக்கொண்டு வருவாள், நாசமாப் போற ஐசக் என்று திட்டுவாள், நான் மன்னிப்புக் கேட்பேன், அவ்வளவுதான், ஒரு பாவமும் இல்லை. வாணலியை வைக்கிறேன். எண்ணெயை ஊற்றுகிறேன். அரிசிப் பையை இழுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுத்து நடையைப் பார்க்க அகலத் திறந்து வைக்கிறேன். ஜன்னல் சாத்தியிருக்கிறது. போன் அடிக்கிறது, அம்மா. "எய்யா, சாப்ட்டியா?" என்கிறாள். சமைத்துக்கொண்டிருக்கிறேன் என்கிறேன். "கூடப் படிக்கிற புள்ளைய எல்லாம் ஊருக்குப் போயாச்சோ? ஒத்தையிலயா இருக்க?" "இல்லம்மா, ஒரு ஆள் இருக்கு." "சோறு பொங்கினா அதுக்கும் ஒரு வாய் குடுய்யா," என்று சொல்லி வைக்கிறாள். எண்ணெய் புகைகிறது. நாலு போதாது. ஒரு கை நிறைய அள்ளிப் போடுகிறேன்.

நெடி ஏறியது. முதலில் மூக்கில், அப்புறம் தொண்டையில் போய் உட்கார்ந்து கமறியது, கண்ணில் நீர் கொட்டியது, நான் துணியை வைத்து அந்தக் கருகலை நடைப் பக்கம் விசிறினேன், பைத்தியக்காரன் மாதிரி விசிறினேன், யாராவது பார்த்திருந்தால் பிடித்துக் கட்டியிருப்பார்கள். அலாரம் பிடித்துக்கொண்டது. காதைக் கிழிக்கிற சத்தம், கடலே அடங்கிப்போன மாதிரி இருந்தது. அடுப்பை அணைத்துவிட்டு நடைக்கு ஓடி வந்து நின்றேன். கடைசிக் கதவைப் பார்த்தேன். வா. கூரையில் சிவப்பு விளக்கு சுற்றியது. வா, வந்து திட்டு, எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. இருமினேன், கண்ணைத் துடைத்தேன், துடைத்த கையில் மிளகாய், கண் எரிந்து மூடிக்கொண்டது, மூடிய கண்ணோடு காத்திருந்தேன், கதவுச் சத்தம் எப்படியும் கேட்கும் என்று. கேட்கவில்லை. கண்ணைத் திறந்தேன், சாத்தியபடி இருந்தது. அப்போதுதான் தலையில் அடித்த மாதிரி நினைவு வந்தது. அலாரம் முதல் தடவை அடித்தபோது அவள் வெளியே வந்தாள். நவம்பரில் அடித்தபோது வரவில்லை. நான் எல்லாரோடும் கீழே நின்று அண்ணாந்து பார்க்க, அவள் ஜன்னலைத் திறந்து, "ஐசக் தாளிக்கிறான், வேற ஒண்ணுமில்ல, போய்ப் படுங்க," என்று சாலைக்குக் கேட்கக் கத்தினாள். எல்லாரும் சிரித்தார்கள். அவளுக்கு இந்தச் சத்தம் நெருப்பு இல்லை. அவளுக்கு இது என் சமையல். உயிரோடு இருந்தாலும் அவள் எழுந்து வரமாட்டாள், இல்லாவிட்டாலும் வரமாட்டாள், இந்த அலாரம் எனக்கு ஒன்றுமே சொல்லாது. கட்டடம் முழுக்க அலற, நான் ஒருவன், கையில் கரித்துணியோடு, புறப்பட்ட இடத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். தட்டுவதைத் தவிர உலகத்தில் வேறு எதுவும் மிச்சம் இல்லை.

ஓடினேன். விரலை மடக்கவில்லை, இரண்டு கையையும் விரித்து இடித்தேன். "மாரெட்! ஏ புள்ள! கதவத் தெற! ஏட்டி, கதவத் தெறட்டி!" எந்தப் பாஷையில் கத்துகிறேன் என்று யோசிக்கவில்லை. இரண்டாவது இடியிலேயே கதவு உள்ளே போய்ச் சுவரில் முட்டியது, நானும் அதோடு உள்ளே போய் விழப்பார்த்தேன். இருட்டு. திரை மூடியிருந்தது, அடைசலான வாடை. கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில், தரையில், போர்வையைச் சுற்றிக்கொண்டு கிடந்தாள். கண் திறந்திருந்தது. திறந்த கண் என்னைப் பார்த்து மூடித் திறந்தது, நான் அப்படியே முட்டி போட்டு உட்கார்ந்துவிட்டேன். அன்று கொண்டுபோன டம்ளர் தண்ணீர் பக்கத்தில் தொடாமல் இருந்தது, உதடு வெடித்துப் போயிருந்தது. முகம் ஒடுங்கி வேறு யாரோ மாதிரி இருந்தாள். கையைப் பிடித்தேன், குளிர்ந்து கிடந்தது, ஆனால் என் விரலை அந்தக் கை பிடித்தது. அலாரத்துக்கு நடுவே அவள் என்னவோ சொன்னாள், காதை அவள் வாயருகே கொண்டுபோனேன். "நீ வந்து வந்து நின்ன," என்றாள். "கேட்டுச்சு. சத்தம் கேட்டா நீ போயிடுவியோன்னு நானும் மூச்ச அடக்கிட்டுக் கெடந்தேன். நீ போயிட்ட." மிளகாய் நெடி அறைக்குள்ளும் வந்துவிட்டது, அவள் இருமினாள், இருமக்கூட உடம்பில் தெம்பில்லை, அவள் தலையைத் தூக்கி என் மடியில் வைத்துக்கொண்டேன். எழுந்து வரமுடியவில்லையா, ஏன் கூப்பிடவில்லை, கதவைப் பூட்டிக்கொண்டு ஏன் இப்படி என்று என்னென்னவோ உளறினேன். அவள் தலையை லேசாக அசைத்தாள். "பூட்டல," என்றாள். "முந்தாநாளே பூட்டல. நீ தட்டுவேன்னுதான்." கீழே வாசல் கதவு திறந்தது, செக்யூரிட்டிக்காரருடைய கனமான பூட்ஸ் படியேறி வந்தது, டார்ச் வெளிச்சம் நடைச் சுவரில் ஆடியது, யார் உள்ளே, யார் உள்ளே என்று குரல் கேட்டது. அருளப்பன் சொன்னது எல்லாம் நினைவுக்கு வந்தது. நான் அவள் கையை விடவில்லை. "இங்க இருக்கோம்," என்று கத்தினேன், "இங்க, கடைசி ரூம், ரெண்டு பேரு இருக்கோம்."